தாத்தா துப்பாக்கிக்கு எந்த மரை?

பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு பக்கத்து மலையடிவார ஊர்க்காரங்க யாராவது உங்க கிளாஸ்ல இருந்தா கேட்டுப் பாருங்க. தாத்தா காலத்துல லைசென்ஸ் வாங்கின ஒரு பழைய துப்பாக்கி பற்றி ஏதாவது கதை வரும். தோட்டா போடுற வகை இல்லை. குழல் வாய் வழியா கருமருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு, கம்பியால இடிச்சு, பின்னாடி ஒரு சின்ன கேப் மாட்டிச் சுடுற வகை. அந்த கேப் உட்காருற குட்டி இரும்புத் துண்டுக்கு நிப்பிள்னு பேரு. சுத்தியல் அடி, நெருப்பு, துரு மூணையும் வாங்குறது அதுதான். அதனால முதல்ல போறதும் அதுதான்.

உடனே வீட்டுல ஒருத்தர் சொல்லுவார்: "நீ மெக்கானிக்கல் தானல படிக்க? உங்க காலேஜ் லேத்துல ஒண்ணு கடைஞ்சு கொண்டாயேன்."

செய்யாதீங்க. ஏன்னு பார்த்தா நம்ம செகண்ட் இயர் சிலபஸே அதுக்குள்ள இருக்கு.

முதல் பிரச்சினை, அந்த மரைக்கு ஒரு பேரே இருக்காது. ஜோசப் விட்வொர்த் 1841-ல எல்லாப் பட்டறைக்கும் பொதுவா ஒரு மரை முறையை முன்வைக்கிற வரைக்கும், இங்கிலாந்துல ஒவ்வொரு பட்டறையும் தனக்குன்னு டேப், டை வெச்சிருந்தது. அவர் சொன்ன கோணம் 55 டிகிரி. கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 மரை. ஆனா நிப்பிளோட மரைப் பகுதி ரொம்பக் குட்டை. 20 மரைக் கணக்குல வெட்டினா நாலஞ்சு சுற்றுக்கு மேல கிடைக்காது. அதனால துப்பாக்கி செய்றவங்க தங்களோட நெருக்கமான மரையையே வெச்சுக்கிட்டாங்க. பி.எஸ்.எஃப். என்ற நெருக்கமான பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு 1908-ல தான் வந்தது. அமெரிக்காக்காரங்க 1864-லேயே 60 டிகிரிக்குப் போயிட்டாங்க. பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூணும் ஒரே மரைக்கு ஒத்துக்கிட்டது 1948-ல, அதுவும் உலகப் போர்ல ஒருத்தர் நட்டு இன்னொருத்தர் போல்ட்டுக்குச் சேராம அல்லாடின பிறகு. உள்ளூர்க் கொல்லர் செஞ்ச துப்பாக்கின்னா, அவர் கையில அன்னைக்கு எந்த டை இருந்துச்சோ அதுதான் ஸ்டாண்டர்டு.

நம்ம பக்கம் 1880-கள்ல பாபநாசத்துல ஹார்வி மில் வந்தப்போ பிரிட்டன் மிஷினோட அங்குல மரையும் வந்தது. இன்னைக்கு நம்ம லேப்ல இருக்குறது மெட்ரிக். ரெண்டுக்கும் நடுவுல தான் அந்த நிப்பிள் மாட்டிக்கிட்டு நிக்குது.

இப்போ ஒரு கணக்கு. குழல்ல இருக்குற துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு 26 மரைன்னு வெச்சுப்போம். விட்டம் 6.35 மி.மீ., பிட்ச் 25.4-ஐ 26-ஆல வகுத்தா 0.977 மி.மீ. நீங்க கடையுறது எம்6, பிட்ச் 1 மி.மீ. ஒரு மரைக்கு வித்தியாசம் வெறும் 0.023. அஞ்சு மரைக்குச் சேர்த்தாலும் 0.12 மி.மீ. கூட வராது. விட்டத்துல 0.35 மி.மீ. இடைவெளி வேற இருக்கு. அதனால கையாலேயே சுகமா உள்ள போகும், கடைசியில இறுகவும் செய்யும். "அட, பொருந்திடுச்சு!"

பொருந்தலை. 0.62 மி.மீ. ஆழமுள்ள மரையில 0.45 தான் கடிக்குது. துளை தேஞ்சிருந்தா அதுவும் இல்லை. பிட்ச் தப்பினதால பாரம் அஞ்சு மரைக்கும் பிரியாம ஒண்ணு ரெண்டு மரை மேலயே விழும். உள்ள 40 மெகாபாஸ்கல் அழுத்தம்னு வெச்சா, 6 மி.மீ. விட்டத்து மேல சுமார் 1,130 நியூட்டன், அதாவது 115 கிலோ எடை. ரெண்டு சிமென்ட் மூட்டைக்கு மேல, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துல. அது பிச்சுக்கிட்டு வந்தா முதல்ல நிக்கிறது குறி பார்க்கிறவரோட கண்ணு. சுத்தமா சேராத மரை யாரையும் கொல்லாது, உள்ளேயே போகாதே! கிட்டத்தட்ட சேருற மரைதான் ஆபத்து.

அளவு எடுக்க ஆசை இருந்தா எடுங்க, தப்பில்லை. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை, லைசென்ஸ்காரர் முன்னாலேயே. குழல் வாய் வழியா ஒரு மரக்குச்சியை அது நிக்கிற வரைக்கும் மெதுவா விட்டு, வாய் ஓரத்துல பென்சில் கோடு போடுங்க. வெளிய எடுத்து குழல் மேல வெச்சா குச்சி நுனி நிப்பிள் கிட்ட வரணும். அதுக்கு முன்னாலேயே நின்னா, உள்ள மருந்து இன்னும் இருக்கலாம். பழைய துப்பாக்கி கெட்டிச்ச நிலையிலேயே கிடைக்கிறது உலகம் பூரா நடக்குற கதை, ஈரம் படாத கருமருந்து வயசானாலும் செத்துப்போகாது. அப்படி நின்னா நோண்டாதீங்க, போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்க.

குழல் காலின்னு உறுதியானா, கழட்டின பழைய நிப்பிள் போதும். வெர்னியர்ல தேயாத இடத்துல விட்டம். ஒரு மரையை அளக்காம, அஞ்சு மரை நீளத்தை அளந்து அஞ்சால வகுங்க. பிட்ச் கேஜ்ல 55 செட், 60 செட் ரெண்டையும் வெச்சு, பின்னால வெளிச்சம் விட்டுப் பாருங்க. குழலோட பின்பக்கம் அடைச்சிருக்குற பெரிய மரை அடைப்பை மட்டும் தொடாதீங்க.

அடுத்தது சட்டம். 1959 ஆயுதச் சட்டம் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கி செய்றதுக்கு மட்டும் இல்லை, ரிப்பேர் பண்றதுக்கும் தனி லைசென்ஸ் வேணும். தாத்தாகிட்ட இருக்குறது வெச்சுக்கிற லைசென்ஸ். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதை மீறினா குறைந்தபட்சத் தண்டனையே 7 வருஷம். பேட்டை தொழிற்பேட்டையில எவ்வளவு கைதேர்ந்த டர்னர் இருந்தாலும் அவருக்கும் இதே கதிதான். "அது ஆன்டிக் பீஸ் ப்பா"ன்னு சொல்றவங்க 45-வது பிரிவை முழுசாப் படிக்கணும்: ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத பழசுக்குத்தான் விலக்கு. ஒரு நிப்பிள் மாட்டினா வெடிக்கும்னா அது ஆன்டிக் இல்லை, துப்பாக்கி. லைசென்ஸே இல்லாம மச்சுல கிடந்தா நிப்பிளைத் தேடாதீங்க, வக்கீல் மூலமா ஒப்படைக்கிற வழியைத் தேடுங்க.

லைசென்ஸ் இருந்தா, ரிப்பேர் உரிமம் உள்ள துப்பாக்கிக் கடைக்கு லைசென்ஸ்காரரே துப்பாக்கியோட போகணும். நீங்க எடுத்த அளவை ஒரு தாளில் எழுதிக் கொடுங்க, அவங்களுக்கு வேலை மிச்சம். துளை தேஞ்சிருந்தா அதைச் சரிபண்ணி, கொஞ்சம் பெரிய சைஸ் நிப்பிளை அதுக்குன்னே வெட்டுவாங்க. உடைஞ்ச பழைய நிப்பிளைத் தூக்கிப் போட்டுறாதீங்க. அந்தத் துப்பாக்கிக்கு உலகத்துல இருக்குற ஒரே கேஜ் அதுதான். ஒரு கவர்ல போட்டு, அளவை மேல எழுதி, லைசென்ஸ் புத்தகத்தோட சேர்த்து வைங்க.