இடது காலின் கணக்கு

சம்பா நடவுக்கு முன் காவிரி டெல்டாவில் ஏதாவது ஒரு வயலின் வரப்பில் நின்று சேறடிக்கும் டிராக்டரைப் பாருங்கள். ரோட்டவேட்டரையோ தெறிக்கும் சேற்றையோ அல்ல, ஓட்டுகிறவரின் இடது காலைப் பாருங்கள். வரப்பு நெருங்கும்போது அந்தக் கால் கிளட்ச்சை மிதிக்கிறது. ரிவர்ஸ் போட ஒரு மிதி, மறுபடி முன்னே எடுக்க இன்னொரு மிதி. வண்டி திரும்பி அடுத்த தடத்தைப் பிடிக்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. சதுரமான ஒரு ஏக்கர் வயலின் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். ஆறடி ரோட்டவேட்டர் ஒரு தடவையில் 1.8 மீட்டர் அகலம் அடிக்கும். அப்படியானால் 35 ஓட்டம், 35 திருப்பம். திருப்பத்துக்கு மூன்று மிதி என்று வைத்தால் ஏக்கருக்கு நூறு மிதி. நாளைக்கு எட்டு ஏக்கர் ஓட்டுகிற ஆள் எண்ணூறு தடவை கிளட்ச்சை மிதித்து, எண்ணூறு தடவை விடுகிறார். துண்டு துண்டான வயல்கள் என்றால் இன்னும் கூடும்.

டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் முதலில் கேட்பது எத்தனை ஹெச்.பி. என்பதைத்தான். பிறகு டீசல் எவ்வளவு குடிக்கும், எத்தனை கிலோ தூக்கும், விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று பேச்சு போகும். கியர் பெட்டியைப் பற்றிய கேள்வி கடைசியில் வருகிறது, பல சமயம் வருவதே இல்லை. ஆனால் 40 முதல் 50 ஹெச்.பி. வரையிலான நடுத்தர வண்டிகளில் எஞ்சின்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரே சக்தி உள்ள இரண்டு வண்டிகளில் ஒன்று வேலைக்கு ஒத்துழைப்பதும் மற்றது இழுத்தடிப்பதும் பெரும்பாலும் கிளட்ச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே இருக்கிற இரும்புப் பெட்டியால்தான்.

டீலர் தருகிற தாளில் 8+2 என்று இருக்கும். மஹிந்திரா 575 இந்த வகைதான். நான்கு கியர், அவற்றுக்கு லோ ஒரு வரிசை, ஹை ஒரு வரிசை, ஆக முன்னே எட்டு. ரிவர்ஸ் லோவில் ஒன்று, ஹையில் ஒன்று. குபோட்டா எம்.யூ. 4501, ஜான் டியர் 5050 டி இரண்டிலும் 8+4. நியூ ஹாலந்து 3630 வரிசையில் 8+2 வேண்டுமா 12+3 வேண்டுமா என்று கேட்பார்கள். மஹிந்திராவின் அர்ஜுன் நோவோவில் 15+3. எண் கூடினால் வண்டி உசத்தி என்று நினைப்பது இயல்பு. உண்மையில் பார்க்க வேண்டியது மொத்த எண்ணை அல்ல. வயல் வேலையில் பெரும்பகுதி மணிக்கு 4 முதல் 12 கிலோமீட்டர் வேகத்துக்குள் முடிந்துவிடுகிறது. ரோட்டவேட்டர் அதற்கும் கீழே, 2 முதல் 4 கிலோமீட்டரில் ஓடுகிறது. அந்த எல்லைக்குள் எத்தனை கியர் விழுகிறது என்பதுதான் கேள்வி. சாலையில் 30 கிலோமீட்டரில் போக ஒரு கியர் போதும்.

ரோட்டவேட்டரையே எடுத்துக்கொள்வோம். டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று. கத்திகள் பூட்டிய ரோட்டர் ஏறத்தாழ 200 சுற்று. வண்டி 3 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 50 மீட்டர் நகரும். அதாவது ரோட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் வண்டி 25 சென்டிமீட்டர் முன்னே போகிறது. ஒரே தடத்தில் மூன்று கத்திகள் மாறி மாறி வெட்டினால் ஒவ்வொன்றுக்கும் எட்டு சென்டிமீட்டர் மண். அடுத்த கியருக்கு மாற்றி 4.5 கிலோமீட்டரில் போனால் அது பன்னிரண்டரை சென்டிமீட்டர் ஆகிவிடும். கட்டி பெரிதாகும், எஞ்சின் முக்கும். கீழ்க் கியரில் மண் மாவாகிறது, நேரமும் டீசலும் வீணாகின்றன. மேல் கியரில் கட்டி நிற்கிறது. நடுவே ஒரு கியர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று எட்டு கியர் வண்டி ஓட்டுகிறவர்கள் ஏங்குவது இந்த இடத்தில்தான். ஆக்சிலேட்டரைக் குறைத்து வேகத்தைக் குறைக்கலாம், ஆனால் பி.டி.ஓ. வேகமும் சேர்ந்தே குறையும். பன்னிரண்டு கியர் பெட்டியின் பயன் இங்கே தெரியும். வெறும் கொத்துக் கலப்பையும் டிரெய்லரும் மட்டும் இழுக்கிறவருக்கு அந்தப் பயன் அவ்வளவாகத் தெரியாது.

அடுத்தது, கியர் எப்படி விழுகிறது என்பது. பழைய பெட்டிகளில் பற்சக்கரமே நகர்ந்து போய் இன்னொரு பற்சக்கரத்தோடு சேரும். இதற்கு ஸ்லைடிங் மெஷ் என்று பெயர். வண்டி நின்றால்தான் மாற்ற முடியும். அவசரப்பட்டால் பல்லோடு பல் மோதி ‘கர்ர்’ என்று சத்தம் வரும். கான்ஸ்டன்ட் மெஷ் பெட்டியில் சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியே இருக்கும். நடுவில் ஒரு வளையம் நகர்ந்து தேவையான சக்கரத்தைத் தண்டோடு பூட்டும். பற்கள் தேய்வது குறைவு, சத்தமும் குறைவு. சில கியர்கள் ஒரு முறையிலும் மீதி இன்னொரு முறையிலும் இருந்தால் ‘பார்ஷியல் கான்ஸ்டன்ட் மெஷ்’ என்று தாளில் எழுதியிருப்பார்கள்.

சிங்க்ரோமெஷ் இன்னும் ஒரு படி மேலே. ஓடுகிற பேருந்தில் ஏறத் தெரிந்தவர் அதன் கூடவே நாலு அடி ஓடி, வேகம் ஒன்றானதும் கம்பியைப் பிடிப்பார். சிங்க்ரோமெஷ்ஷில் ஒரு கூம்பு வளையம் அந்த வேலையைச் செய்கிறது. பூட்டுவதற்கு முன் இரண்டு பக்க வேகத்தையும் உரசியே ஒன்றாக்கிவிடும். அதனால் வண்டியை நிறுத்தாமல் மாற்றலாம். வயலில் இதன் அருமை குறைவுதான். ஏனென்றால் ஒரு கியரைப் போட்டால் வயல் முடியும்வரை அதுவே ஓடும். ஆனால் கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு ஆலைக்குப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். மேடு வருகிறது, வண்டி திணறுகிறது. சிங்க்ரோ இல்லாத பெட்டியில் அநேகமாக வண்டியை மேட்டில் நிறுத்தித்தான் கியரைக் குறைக்க வேண்டும். நிறுத்திய பாரத்தை மறுபடி கிளப்புவதற்குள் கிளட்ச் தட்டு சூடாகி நாற்றமெடுக்கும். வருஷத்தில் பாதி நாள் பாரம் அடிப்பவர் சிங்க்ரோமெஷ்ஷுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீணில்லை.

பாரம் என்றதும் நினைவுக்கு வருகிற பழைய பாடம் ஒன்று. மாஸி ஃபெர்குசன் நிறுவனம் 1962-ல் மல்டி-பவர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கிளட்ச் மிதிக்காமலே ஒரு சின்ன நெம்பைத் தட்டினால் ஒவ்வொரு கியரும் வேகம் கூடியது, குறைந்தது என்று இரண்டாகும். உழவுக்கு அருமையான வசதி. ஆனால் குறைந்த வேக நிலையில் இறக்கத்தில் போனால் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, சக்கரம் தன்போக்கில் உருளும். நாம் டிராக்டரை நியூட்ரலில் போட்டு இறக்கத்தில் விடக் கூடாது என்பதும் அதே காரணத்தால்தான். பின்னால் நாலைந்து டன் தள்ளும்போது பிரேக் மட்டும் போதாது, எஞ்சினும் சேர்ந்து பிடிக்க வேண்டும்.

கியரைவிட அதிகம் கவனிக்க வேண்டிய விஷயம் கிளட்ச். அதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒற்றை கிளட்ச் வண்டியில் மிதித்தால் சக்கரமும் நிற்கும், பி.டி.ஓ.வும் எஞ்சினிலிருந்து விடுபடும். இரட்டை கிளட்ச்சில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், பி.டி.ஓ. சுழன்றுகொண்டே இருக்கும், முழுக்க மிதித்தால்தான் இரண்டும் நிற்கும். மூன்றாவது வகையில் பி.டி.ஓ.வுக்கென்றே தனிக் கை நெம்பு. டூயல், டபுள் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பெயரை நம்பாமல், மிதித்தால் எது நிற்கிறது என்று ஓட்டியே பார்த்துவிடுவது நல்லது.

அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் கட்டும் பேலரைப் பூட்டினால் இந்த வித்தியாசம் ஐந்தே நிமிஷத்தில் புரிந்துவிடும். ஓரிடத்தில் வைக்கோல் மலைபோல் குவிந்திருக்கிறது. வண்டி அங்கே நிற்க வேண்டும், ஆனால் பேலர் சுற்றிக்கொண்டே குவியலை விழுங்க வேண்டும். ஒற்றை கிளட்ச்சில் அது நடக்காது. மிதித்தவுடன் பேலரும் சக்தி இழந்து, வாயில் வைக்கோலோடு அடைத்து நிற்கும். இறங்கிப் பிடுங்க வேண்டியதுதான், பிடுங்குவதற்கு முன் எஞ்சினை அணைக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷ அவசரத்தில் கையை இழந்தவர்கள் உண்டு. புல் வெட்டும் ஸ்லாஷர் போன்ற கனமான சுழல் கருவிகளில் ஆபத்து நேர்மாறானது. கிளட்ச்சை மிதித்த பிறகும் சுழல்கிற கத்தியின் வேகம் பி.டி.ஓ. வழியாகத் திரும்பி வந்து வண்டியை வரப்புக்கு மேல் தள்ளிவிடும். ஒற்றை கிளட்ச் வண்டிக்கு அப்படிப்பட்ட கருவி வாங்கினால் ஓவர்ரன்னிங் கிளட்ச் என்ற சின்னத் துண்டைத் தண்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

முன்பக்கம் லோடர் பூட்டி எரு அள்ளுகிறவர்களுக்கும் செங்கல் சூளையில் மண் தள்ளுகிறவர்களுக்கும் ஷட்டில் நெம்பு ஒரு வரம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே ஒரு நெம்பு. முன்னே தள்ளினால் முன்னே, இழுத்தால் பின்னே. ஒரு முறை அள்ளிக் கொட்ட நான்கு தடவை திசை மாற வேண்டும், அறுபது முறை அள்ளினால் இருநூற்று நாற்பது. முன்னே பன்னிரண்டு கியருக்கு ரிவர்ஸிலும் பன்னிரண்டு இருக்கிற 12+12 வண்டிகள் இந்த வேலைக்காகப் பிறந்தவை. விலை குறைந்த ஷட்டிலில் கிளட்ச்சை மிதித்துத்தான் மாற்ற வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பவர் ஷட்டிலில் கால் சும்மா இருக்கலாம்.

அமெரிக்காவில் இந்தத் தேர்வு வேறு மாதிரி இருக்கிறது. அங்கே சின்ன, நடுத்தர வண்டி வாங்குபவர்களில் பலர் குதிரைக் கொட்டடி, புல்வெளி, பனி தள்ளுதல் என்று நிமிடத்துக்கு நாலு தடவை முன்னும் பின்னும் போகிற வேலை செய்பவர்கள். அவர்களுக்கு ஹைட்ரோஸ்டாட்டிக் பிடிக்கும். கியருக்குப் பதில் ஒரு பம்ப், ஒரு மோட்டார், நடுவே அழுத்தமேறிய எண்ணெய். பெடலை மிதிக்க மிதிக்க வேகம் கூடும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1967-ல் இதைப் பெரிய டிராக்டரிலேயே வைத்து 656 ஹைட்ரோ என்று விற்றது. ஆனால் எண்ணெய் வழியாகப் போகிற சக்தியில் ஒரு பகுதி வெப்பமாகக் கரைந்துவிடும். நாள் முழுக்க ஒரே வேகத்தில் கலப்பை இழுக்கும் வேலைக்கு அது டீசல் தின்னும் வழி. இழப்பைக் குறைக்க கியரையும் எண்ணெயையும் சேர்த்துக் கட்டிய வேரியோ பெட்டியை ஜெர்மனியின் ஃபெண்ட் 1995-ல் கொண்டுவந்தது; அது பெரிய பண்ணைகளின் சமாசாரம். நம் ஊர் உழவுக்குக் கியர் பெட்டியே பொருத்தம், இதில் இரண்டாம் யோசனைக்கே இடமில்லை.

காய்கறிக்காரர்களுக்கு மட்டும் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நாற்று நடும் கருவியின் பின்னால் ஒருவர் உட்கார்ந்து கையால் நாற்றைப் போடுகிறார், நாற்றுக்கு நாற்று 30 சென்டிமீட்டர். வண்டி மணிக்கு 1 கிலோமீட்டர் போனால் நிமிடத்துக்கு 56 நாற்று போட வேண்டும். எந்தக் கையாலும் முடியாது. அரை கிலோமீட்டரில் போனால் 28, அது முடியும். எட்டு கியர் வண்டியின் முதல் லோ கியர்கூட இதற்கு மிக வேகம். க்ரீப்பர் என்கிற ஊர்ந்து போகும் கியர் வேண்டும். சொட்டுநீர்க் குழாய் பதிக்கக் குழி வெட்டுவதற்கும் இதே கதைதான். பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாத வசதி இது, வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

எந்தப் பெட்டியானாலும் ஒரு நாள் திறக்க வேண்டிவரும். பத்து கிலோமீட்டருக்குள் அதைத் திறந்து மூடத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று விசாரிக்காமல் புதுவகைப் பெட்டியை வாங்குவது துணிச்சல். சேற்றில் ஓடும் வண்டிக்கு இது இன்னும் முக்கியம். அச்சு முனையில் சீல் தேய்ந்தால் தண்ணீர் உள்ளே போகும். கியர் ஆயில் அளவுக் கோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். பால் ஊற்றிய டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் உருவ வேண்டியது இந்தக் கோலைத்தான். அடுத்து பாரத்தோடு மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் உள்ளே வளையமோ அதை நகர்த்தும் ஃபோர்க்கோ தேய்ந்திருக்கிறது.

இனி தேர்வு. போன வருஷம் வண்டி எத்தனை மணி நேரம் எந்த வேலையில் ஓடியது, அல்லது வாடகைக்கு எதற்காக எத்தனை மணி கூப்பிட்டோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். 600 மணியில் 400 ரோட்டவேட்டர் என்றால் நெருக்கமான லோ கியர்களும் இரட்டை கிளட்ச்சும். 300 மணி சாலையில் பாரம் என்றால் ஹை வரிசையில் சிங்க்ரோமெஷ். கலப்பையும் கொஞ்சம் டிரெய்லரும்தான் என்றால் 8+2 கான்ஸ்டன்ட் மெஷ் போதும், மிச்சப் பணத்தில் நல்ல ரோட்டவேட்டரே வாங்கலாம். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இருக்கிற மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. பி.டி.ஓ.வில் உண்மையில் எவ்வளவு சக்தி வருகிறது, ஒவ்வொரு கியரிலும் வேகம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். டீலரிடம் அந்த அறிக்கையைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

கடைசியாக, டெமோவை ஷோரூம் வாசலில் முடித்துக்கொள்ளாமல் தண்ணீர் கட்டிய சொந்த வயலுக்கே வண்டியை வரச் சொல்ல வேண்டும். ஓட்ட வேண்டியது முதலாளி அல்ல. தினமும் அதில் உட்காரப் போகிற ஓட்டுநர். கியர் நெம்பு கால்களுக்கு நடுவே இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா, எது வசதி என்பதை ஏறி இறங்கும் அவர்தான் சொல்ல முடியும். ஒரு மணி நேரம், முழுதாக ஒரு ஏக்கர். வண்டியை விட்டு இறங்கி வரப்பில் நடக்கும்போது அவர் இடது முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறாரா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு விலையைப் பேசலாம்.