தில்லி மண்ணும் நம் கறிவேப்பிலையும்

தலைநகரில் நம்மவர் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் வேண்டியதில்லை. பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும். அது பெரும்பாலும் மஞ்சளித்து நிற்கும் என்பதுதான் வருத்தம். "எருவும் போட்டாச்சு, தண்ணியும் ஊத்தறோம், தில்லி மண்ணுக்கு இது வராது சார்" என்று பல அன்பர்கள் என்னிடம் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பல தொட்டிகளில் சத்து இருக்கிறது. அதை வேரால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. காரணங்கள் இரண்டு: நீர் வடியாமை, மண்ணின் காரத்தன்மை.

முதலில் வடிகால். நல்ல மண்ணில் ஏறத்தாழ பாதிதான் கெட்டிப் பொருள்; மீதி நுண்துளைகள். அவற்றில் நீரும் காற்றும் கலந்திருக்க வேண்டும், ஏனென்றால் வேரும் மூச்சு விடுகிறது. தொட்டியின் ஓட்டை அடைபட்டால் துளை முழுதும் நீர் நிரம்பி வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஈரத்தில் நின்றபடியே செடி வாடும். வாடுதே என்று இன்னொரு செம்பு ஊற்றினால் கதை முடிந்தது.

அடுத்தது காரம். பி.எச். அளவில் 7 நடுநிலை. குறைந்தால் அமிலம், கூடினால் காரம். ஒரு எண் மாறினால் பத்து மடங்கு வித்தியாசம். அஸ்ஸாம், நீலகிரித் தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையிலான புளிப்பு மண் உகந்தது. கறிவேப்பிலைக்கு 6, 7 போதும். யமுனை வண்டலோ பல இடங்களில் 7.5-ஐத் தாண்டும். அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து கரையாமல் முடங்கிவிடும். அதன்மேல் ஆர்.ஓ. கழிவு நீரையும் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

எது கோளாறு என்பதை இலையே சொல்லும். கீழே உள்ள முதிர்ந்த இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, மண்ணும் நாறினால், தேங்கிய நீர்தான் காரணம். நுனித் தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புப் பற்றாக்குறை. காய்ந்த மண்ணில் நாலு சொட்டு வினிகர் விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு மிகுதி என்று அறியலாம். டிசம்பர், ஜனவரி குளிரில் இலை கொட்டுவது நோயல்ல, ஓய்வு. அப்போது தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

இரண்டு கோளாறும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வட இந்திய விவசாயிகள் 'ஊசர்' என்னும் களர் நிலத்தைப் பாருங்கள். 1969-இல் தொடங்கப்பட்டு கர்னாலில் இயங்கும் மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம் அதைத் திருத்த ஜிப்சம் இடச் சொல்கிறது. ஜிப்சத்தின் கால்சியம் மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தை விரட்டும். விரட்டிய சோடியம் நல்ல நீரோடு வடிந்து போனால்தான் பலன். வடிகால் இல்லையேல் ஜிப்சம் வீண். அங்கே முதல் பயிர் நெல். வேருக்குக் காற்றைக் கொண்டுபோகும் வழி அதன் தண்டிலேயே இருப்பதால் தேங்கிய நீரிலும் தாக்குப்பிடிக்கும்.

நம் தொட்டிக்கும் இதே வரிசைதான். முதலில் ஓட்டையைச் சரிபார்த்து, மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து மாற்றுங்கள். விரல் விட்டுப் பார்த்து, ஒரு அங்குலம் காய்ந்த பிறகே நீர் விடுங்கள். தளிர் வெளுத்திருந்தால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். கார மண்ணில் ஊற்றினால் அதுவும் முடங்கிவிடும். பாட்டி ஊற்றிய புளித்த மோர் சற்று உதவும், உப்பு மட்டும் கூடாது. மழைநீர் கிடைத்தால் பிடித்து வைத்து ஊற்றுங்கள். அதில் உப்பும் சுண்ணாம்பும் கிடையாது.