லைக்ராவா, சுடிதாரா?

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டு கட்சி. ஞாயிறு விடியற்காலை திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நின்றால் முதல் கட்சியைப் பார்க்கலாம். உடம்போடு ஒட்டிய கறுப்பு ஷார்ட்ஸ், கண்ணைப் பறிக்கும் ஜெர்சி, முதுகுப்பக்கம் வரிசையாக மூன்று பை, தலையில் ஹெல்மெட். மகாபலிபுரம்வரை மிதித்து, அங்கே இட்லி சாப்பிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். மறுநாள் காலை தெருவில் இன்னொரு கட்சி. லுங்கியை மடித்துக் கட்டிய பால்காரர், சீருடையோடு வேலைக்குப் போகும் வாட்ச்மேன், டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் தொங்கவிட்ட கொத்தனார், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்ட பள்ளிக்கூடப் பெண்.

இந்த இரண்டாம் கட்சிக்காரர்கள் என்ன உடுத்தி ஓட்டுவது என்று யோசித்து நான் பார்த்ததே இல்லை. யோசிப்பதெல்லாம் நடுவில் வந்து சேர்ந்தவர்கள்தான். ஸ்கூட்டரிலும் காரிலும் பழகி, நாற்பதைத் தாண்டிய பிறகு டாக்டர் சொன்னார் என்று சைக்கிளுக்குத் திரும்பியவர்கள்.

எனக்கு ஆதம்பாக்கத்தில் வீடு, நந்தனத்தில் கணக்கெழுதும் வேலை. வார நாளில் சுடிதாரும் லேடீஸ் சைக்கிளும்; ஞாயிற்றுக்கிழமை லைக்ராவும் கியர் சைக்கிளும். இரண்டு கட்சியிலும் உறுப்பினர் என்பதால், ஆபீசில் யார் சைக்கிள் வாங்கினாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். "மேடம், அந்த டைட்டான டிரஸ் கண்டிப்பா வேணுமா?"

நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். எவ்வளவு தூரம்? என்ன சீட்டு?

லைக்ரா என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் பலர் அதை ஏற்கெனவே உடுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். திருப்பூர் லெக்கின்ஸின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள்: பருத்தி 95, மீதி 5 இந்த நூல்தான். இழுத்தால் நீளும் ஜீன்ஸிலும் அது உண்டு. 1958-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் இதைக் கண்டுபிடித்தார். பெண்களின் இறுக்கமான உள்ளாடைகளில் இருந்த ரப்பருக்கு மாற்றாகத்தான் அது முதலில் விற்பனைக்கு வந்தது. இழுத்தால் ஐந்து மடங்கு நீளும், விட்டால் பழைய அளவுக்கே வரும். அது சைக்கிள் உடைக்கு வருவதற்கு முன்பு ஐரோப்பியப் பந்தய வீரர்கள் கம்பளி ஷார்ட்ஸ் போட்டார்கள். நனைந்தால் கனத்துத் தொங்கும். உட்காரும் இடத்தில் மலையாட்டுத் தோல் ஒன்றை வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தோலுக்குப் பதிலாகத்தான் இன்று ஸ்பாஞ்சு வைத்த பேட்.

பந்தயக்காரர்களுக்கு இந்தத் துணியால் லாபம் இரண்டு. ஒன்று காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்; அதைச் சமாளிக்க உடம்பு எட்டு மடங்கு சக்தி செலவழிக்க வேண்டும். மணிக்கு முப்பது கிலோமீட்டரில் படபடக்கும் சட்டை பாய்மரம் மாதிரி பின்னால் இழுக்கும். ஆனால் சின்னமலை சிக்னலிலும் சைதாப்பேட்டைப் பாலத்திலும் நின்று நின்று போகிறவருக்கு ஏது முப்பது? பதினைந்து வந்தாலே நல்ல நாள். அந்த வேகத்தில் உங்கள் சட்டை தொளதொளவென்று இருந்தாலும் காற்று கண்டுகொள்ளாது.

இரண்டாவது லாபம் உரசல். இதை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. கியர் சைக்கிளின் சீட்டு ஒல்லியானது, கடினமானது. உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும். நிமிடத்துக்கு எண்பது மிதி என்றால் ஒரு மணி நேரத்தில் 4,800 முறை தொடை சீட்டோடு உரசுகிறது. ஜீன்ஸை ஒரு முறை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கால் தையலும் பின்பக்கத் தையலும் குறுக்காகச் சந்தித்து ஒரு தடித்த முடிச்சாக நிற்கும் இடம், சரியாக நாம் சீட்டில் உட்காரும் இடம். அதன்மேல் வியர்வையும் சேர்ந்தால் தோல் உரிந்து புண்ணாகிவிடும். பேட் வைத்த ஷார்ட்ஸில் அந்த இடத்தில் தையலே வராது. அதை உள்ளாடை இல்லாமல் நேரடியாகப் போட வேண்டும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, வெட்கம். உள்ளாடைமேல் போட்டால் உள்ளாடையின் தையல் உரசும், கொடுத்த காசு வீண்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒல்லி சீட்டில் உட்காருகிறவர்களுக்கு லைக்ரா ஷார்ட்ஸ் அவசியம் என்பேன். என்னைப் போல ஏழெட்டு கிலோமீட்டர், நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்பிரிங் வைத்த அகல சீட்டில் போகிறவர்களுக்கு அது வெட்டிச் செலவு.

"சரி, வியர்வை?" என்று அடுத்த கேள்வி வரும். சென்னையில் இது நியாயமான கேள்விதான். காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் நம் வியர்வை காய இடம் கிடைப்பதில்லை. பாலியஸ்டர் ஜெர்சி ஈரத்தைப் பரப்பிச் சீக்கிரம் உலர்த்திவிடும். பருத்தி உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உலர நேரமாகும். ஆனால் பாலியஸ்டரில் நாற்றம் தங்கும்; சாயங்காலம் அதே துணியை மறுபடி போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். என் வழி சாதாரணமானது. கடைசி ஒரு கிலோமீட்டர் மெதுவாக மிதிப்பேன். கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுவேன், ஏனென்றால் சைக்கிளை நிறுத்திய பிறகுதான் வியர்வை கொட்டும். ஃபேனுக்கடியில் நின்று, ஈரத் துண்டால் துடைத்து, மேல்சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டால் ஒன்பதரைக்கு யாருக்கும் தெரியாது.

ஆனால் நம் துணியைக் கெடுப்பதில் வியர்வையைவிடப் பெரிய பங்கு சைக்கிளுக்கு. இன்று கடைகளில் இளைஞர்களுக்காக வரிசையாக நிற்கும் கியர் சைக்கிள்களைப் பாருங்கள். மட்கார்டு இல்லை, செயின் கவர் இல்லை, கேரியர் இல்லை, பலவற்றில் ஸ்டாண்டுகூட இல்லை. மட்கார்டு இல்லாததால் மழை நாளில் முதுகெலும்பு நெடுகச் சேற்றுக்கோடு. செயின் கவர் இல்லாததால் வலது கணுக்காலில் கறுப்பு கிரீஸ். கேரியர் இல்லாததால் லஞ்ச் பாக்ஸும் லேப்டாப்பும் முதுகில் ஏறி, பை படிந்த இடம் முழுக்க நனைந்துபோகும். அந்தக் காலத்து கறுப்பு சைக்கிளில் இவை எல்லாமே இருந்தன. அதனால்தான் வாத்தியார் வெள்ளை வேட்டியில் பள்ளிக்கூடம் போய் வெள்ளையாகவே இறங்கினார். பேண்ட் போட்டவர்கள் கணுக்காலில் ஒரு கிளிப் மாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான் அவர்களுடைய சைக்கிள் உடை. ஆம்ஸ்டர்டாமிலும் கோபன்ஹேகனிலும் கோட்டு சூட்டில் ஓட்டுகிறார்களே என்று வியக்கிறவர்கள் அவர்கள் ஓட்டும் சைக்கிளைக் கவனிக்க வேண்டும். நிமிர்ந்த ஹேண்டில், மூடிய செயின், மட்கார்டு, கேரியர்.

என் தங்கை மகனுடைய கியர் சைக்கிளுக்கு இதெல்லாம் மாட்டச் சொல்லி எங்கள் தெரு சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனேன். கடைத் தம்பி தயங்கினான். "அக்கா, இதுக்கு மட்கார்டு போட்டா லுக்கு போயிடும்."

"லுக்கு போனா போகட்டும்பா. அவன் சட்டை போகாம இருந்தா சரி."

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1898-இல் இங்கிலாந்தின் ஆக்கம் என்ற ஊரில் ஹார்பர்ட்டன் பிரபுவின் மனைவியை, சைக்கிள் ஓட்டத் தோதான தொளதொள கால்சட்டையில் போனதற்காக ஒரு விடுதியின் காபி அறையில் உட்காரவிடவில்லை. சைக்கிள் சங்கம் வழக்குப் போட்டுத் தோற்றது. அங்கே சைக்கிளுக்காக உடையை மாற்றினார்கள். நம் புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் புடவையிலும் தாவணியிலுமே கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே என்று அதை விரும்பியவர்களும் உண்டு. இன்று அரசு கொடுக்கும் இலவச சைக்கிளில் போகும் மாணவிகளும் துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு சீருடையில்தான் போகிறார்கள்.

லைக்ராவைப் பெண்கள் தவிர்ப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அடுத்தவர் பார்வைதான். டீக்கடையில் இறங்கினால் எல்லாத் தலையும் திரும்பும். நான் மேலே ஒரு நீளமான டி-ஷர்ட் போட்டுக்கொள்கிறேன். வேண்டாம் என்பவர்களுக்குப் பேட் வைத்த உள் ஷார்ட்ஸ் தனியாகக் கிடைக்கிறது. சுடிதார் பேண்டுக்குள்ளே போட்டால் யாருக்கும் தெரியாது. ஆண்களும் பேண்டுக்குள்ளே போடலாம். துவைக்கும்போது வெந்நீரும் பிளீச்சும் கூடாது, நிழலில் உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் லைக்ரா தளர்ந்துவிடும்.

பந்தய வீரர் மாதிரி உடுத்தினால் பஸ்ஸும் லாரியும் இடம் விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் இயன் வாக்கர் என்ற ஆய்வாளர், தொடக்கக்காரர் தோற்றத்திலிருந்து பந்தயக்காரர் தோற்றம்வரை ஏழு விதமான உடைகளில் சைக்கிள் ஓட்டவைத்து, வண்டிகள் எவ்வளவு தள்ளிப் போகின்றன என்று அளந்தார். போலீஸையும் வீடியோப் பதிவையும் குறிப்பிடும் மேலங்கிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்தது. மற்ற உடைகளுக்குள் வித்தியாசம் இல்லை. எந்த உடையானாலும் உரசிக்கொண்டு போகிற சிலர் போகத்தான் செய்தார்கள். ஆகவே லைக்ராவை நம்பாமல் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு மாட்டுங்கள். கறுப்பு லைக்ரா இருட்டில் கண்ணுக்கே தெரியாது.

வேலைக்குப் போய்வர சைக்கிள் வாங்கப்போகிறவர்கள் கையிலிருக்கும் பணத்தில் முதலில் மட்கார்டு, செயின் கவர், கேரியர் மூன்றையும் போட்டுக்கொள்ளட்டும். மீதி இருந்தால் ஷார்ட்ஸ் வாங்கலாம். ஆபீஸ் நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: தரைத்தளத்தில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு குழாய், ஒரு ஃபேன், துணி மாட்ட நான்கு கொக்கி. பைக்கும் காரும் நிறுத்த ஒதுக்கும் இடத்தில் இதற்கு ஒரு மூலை போதும்.