சோறு போனால் உப்பும் போகும்

கீட்டோ உணவில் தலைசுற்றுவது ஏன்?

காலை எட்டரை மணிக்குக் காட்கோபர் ரயில் நிலையத்தில் நிற்கவே இடம் கிடைக்காது. மெட்ரோவிலிருந்து இறங்கும் கூட்டமும் லோக்கலைப் பிடிக்க ஓடும் கூட்டமும் முட்டிக்கொள்ளும் பாலத்தில், கண் இருட்டிக்கொண்டு வந்து ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டால், "சாப்பிடாம கிளம்பியிருப்பார், பாவம்" என்று யாராவது பிஸ்கட்டை நீட்டுவார்கள். அவர் கீட்டோ தொடங்கி ஒரு வாரமே ஆனவர் என்றால், அவருக்குக் குறைந்திருப்பது பெரும்பாலும் சர்க்கரை அல்ல, உப்பும் தண்ணீரும்.

மாவுச்சத்தை நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்திவிட்டு, கொழுப்பை எரித்து உடம்பை ஓட்டுவதே கீட்டோ. ஒரு கப் சாதத்திலேயே ஏறத்தாழ 45 கிராம் மாவுச்சத்து உண்டு. தமிழர்களில் பலருக்கு இந்தப் பாதை ‘பேலியோ’ என்ற பெயரில்தான் அறிமுகமானது. நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ நூலும் முகநூல் குழுக்களும் பட்டர் டீயையும் நூறு பாதாமையும் வீட்டுப் பேச்சாக்கின. குஜராத்திகள் நிறைந்த காட்கோபரில் சைவக்காரர்களுக்கு அதே முறை பனீரும் வெண்ணெயுமாகிறது.

இந்தியர்கள் பெறும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று, சென்னை மெட்ராஸ் டயாபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2025-ல் தெரிவித்தது. அந்த உயரத்திலிருந்து ஒரே வாரத்தில் பத்து சதவீதத்துக்கு அருகே இறங்கினால் உடம்பு சும்மா இருக்குமா?

சிறுநீரகம் கேட்கும் கட்டளை

மாவுச்சத்து குறைந்ததும் ரத்தத்தில் இன்சுலின் இறங்குகிறது. சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்புவது மட்டும்தான் இன்சுலினின் வேலை என்று நினைக்கிறோம். சோடியத்தை வெளியே விடாதே என்று சிறுநீரகத்தைப் பிடித்து நிறுத்துவதும் அதுதான். ரால்ஃப் டிஃப்ரான்ஸோவின் குழு 1975-ல் ஆரோக்கியமானவர்களுக்கு இன்சுலின் ஏற்றி, ரத்தச் சர்க்கரையை மட்டும் மாறாமல் பார்த்துக்கொண்டது. அவர்கள் சிறுநீரில் வெளியேறிய சோடியம் சரிந்தது. கீட்டோவில் நடப்பது இதன் மறுபக்கம்: இன்சுலின் இறங்க, சோடியம் வெளியேறுகிறது, தண்ணீரும் பின்னாலேயே போகிறது.

கல்லீரலும் தசையும் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்த சர்க்கரை ஏறத்தாழ அரை கிலோ. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைகோஜன் கரையும்போது அந்தத் தண்ணீரும் கழன்றுவிடும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்கிறோமே, அதில் பெரும்பங்கு இதுதான். ரத்தத்தின் மொத்த அளவும் கொஞ்சம் சுருங்கிவிடுகிறது.

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். கழுத்துத் தமனியிலும் மகாதமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை உடனே கண்டுபிடிக்க, இதயத் துடிப்பு கூடும். ரத்தக் குழாய்கள் இறுகும். ரத்த அளவு போதுமானதாக இருந்தால் நமக்கு எதுவும் தெரியாது. குறைந்திருந்தால், மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இறங்கிய கட்டடத்தில் மேல்மாடிக் குழாய் முதலில் காய்வதுபோல, உடம்பில் தலைக்குத்தான் முதலில் தட்டுப்பாடு. கிறுகிறுப்பு வருவது அப்போதுதான். மே, அக்டோபர் மாதங்களின் மும்பைப் புழுக்கத்தில் வியர்வையும் தன் பங்குக்கு உப்பைக் கொண்டுபோகும்.

தட்டில் காணாமல் போன உப்பு

தமிழர் வீட்டில் உப்பு பெரும்பாலும் சோற்றோடு சேர்ந்துதான் வயிற்றுக்குள் போகிறது. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, ஊறுகாய், அப்பளம், மோர் என்று உப்புள்ள எல்லாமே சோற்றை உள்ளே தள்ளுவதற்காக இருப்பவை. சோறு போனால் இவையும் போய்விடும். அந்த இடத்துக்கு வருகிற அவித்த முட்டை, வறுத்த பாதாம், வீட்டு வெண்ணெய், பனீர் எதிலும் உப்பு சொற்பம். செலவு கூடுகிற நேரத்தில் வரவும் குறைகிறது.

சோடியம் குறைவதைக் கண்ட உடம்பு ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூட்டிச் சோடியத்தை மீட்கப் பார்க்கும். அதற்கு விலையாகப் பொட்டாசியத்தைக் கொஞ்சம் இழக்கும். ராத்திரியில் கெண்டைக்கால் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரங்களில் இந்தத் தடுமாற்றம் அடங்கிவிடும்.

எப்படிச் சமாளிப்பது?

முதலில், அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்து ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், நிற்கும்போது ரத்த அழுத்தம் சரிகிறது என்று பொருள். சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் குளுக்கோமீட்டரையும் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் அது உண்மையான தாழ்சர்க்கரை. அங்கே கீட்டோ கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே சர்க்கரை சாப்பிட வேண்டும்.

பிபி, சிறுநீரகம், இதயம் சார்ந்த தொல்லைகள் இல்லாதவர்கள், குழம்பிலும் பொரியலிலும் வழக்கமாகப் போட்ட உப்பைத் தட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாலே பெரும்பாலும் போதும். சோறில்லாமல் ஒரு கிண்ணம் ரசம், உப்புப் போட்ட ஆட்டெலும்பு சூப், நீர்மோர் என்று ஏதாவது ஒன்று. காட்கோபர் குஜராத்தி வீடுகளில் சாப்பாட்டோடு வரும் சீரகம் போட்ட ‘சாஸ்’ மோரும் அதே வேலையைச் செய்யும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் இருக்கும் சோடியமும் நீர்த்துவிடும். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். அதில் தனி மாயம் இல்லை.

படுக்கையிலிருந்து ஒரே துள்ளலில் எழக் கூடாது. ஒரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். ரயிலில் கிறுகிறுத்தால் கால்களைக் குறுக்காகப் பின்னித் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள். காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். முடிந்தால் குந்தி உட்காருங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர்கள்

மேலே சொன்ன உப்பு யோசனை பிபி மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொருந்தாது. டெல்மிசார்டன், அம்லோடிபின், நீர் மாத்திரை எல்லாம் பழைய சாப்பாட்டோடு இருந்த ரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுதப்பட்ட அளவுகள். கீட்டோவில் அழுத்தம் தானாகவே இறங்கும்போது அதே அளவு கூடுதலாகிவிடும். அவர்களுக்குத் தீர்வு உப்பு டப்பாவில் இல்லை, மருத்துவர் மாத்திரையைக் குறைப்பதில் இருக்கிறது. நாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. ‘குறைந்த சோடியம்’ உப்புகளில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டெல்மிசார்டன் எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகளுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. சிறுநீரில் சர்க்கரையையும் நீரையும் வெளியேற்றுபவை அவை. கீட்டோவோடு சேர்ந்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே கீட்டோ அமிலம் ரத்தத்தில் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மயங்கி விழுதல், நெஞ்சுவலி, கறுப்பாக மலம் போதல், பேச்சுக் குழறல் இவற்றுக்கும் அதே விதிதான். காட்கோபர் கிழக்கில் மாநகராட்சியின் ராஜாவாடி மருத்துவமனை இருக்கிறது.

கீட்டோ உணவு எடை குறைப்பதற்காகப் பிறந்ததல்ல. 1921-ல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்கு இதை முன்மொழிந்தார். மும்பையில் குழந்தை நரம்பியல் மருத்துவர் ஜனக் நாதன், மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள இந்தியக் குழந்தைகளுக்கு இதைக் கொடுத்த அனுபவத்தைக் குழுவினரோடு 2009-ல் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியிட்டார். வலிப்புக்குக் கொடுக்கும்போது இந்த உணவை எடை போட்டு, ரத்தம் பார்த்து, மருத்துவரும் உணவியலாளரும் கண்காணிக்கிறார்கள். எடைக்காக எடுக்கும்போதும் அது அதே வலுவுள்ள சிகிச்சைதான். ஏதாவது ஒரு மாத்திரை தினமும் சாப்பிடுகிறவர், அரிசி டப்பாவை மூடுவதற்கு முன் மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.