வந்திறங்கிய எலிக்கு பி.பி. எவ்வளவு?

மாஹிம் ஸ்டேஷனில் கூட்டத்தோடு இறங்கி, பாலத்துப் படியேறி, நேரே டிஸ்பென்சரிக்குப் போய்க் கையை நீட்டினால் டாக்டர் உடனே பி.பி. பார்க்க மாட்டார். "அஞ்சு நிமிஷம் உட்காருங்க" என்பார். ஆய்வகத்துக்கு வந்திறங்கும் சுண்டெலிக்கு அந்த அஞ்சு நிமிஷம் நாள்கணக்காக நீளும்.

மாஹிமிலிருந்து ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் பிரபாதேவி. அதையடுத்த பரேலில்தான் ஹாஃப்கின் நிறுவனம். பிளேக் ஆய்வகமாக 1899-ல் பழைய கவர்னர் மாளிகைக்குக் குடிவந்தது. ஆய்வக விலங்குகளுக்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1957-ல் ஒரு தகவல் சேவையைத் தொடங்கியதும் பம்பாயில்தான். 1976-ல் அது ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. அங்கே பிறந்த எலி மும்பை வந்து சேர சாலைவழி சுமார் 700 கி.மீ.

எலியின் எடை 25 கிராம். இதயமோ சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கும். வழியெல்லாம் குலுக்கல், வெக்கை, புதிய வாடை. நம் காதுக்கு எட்டாத கீச்சொலிகளும் அதற்குக் கேட்கும். புட்டித் தண்ணீர் சிந்திவிடும் என்பதால், கூழாக உறைந்த தண்ணீரைக் கடித்துத் தாகம் தீர்த்தபடி வரும்.

வந்த மறுநாளே பி.பி. எடுத்தால்? ஒளி ஊடுருவும் குழாய்க்குள் எலியை நுழைத்து, வாலைச் சூடேற்றி, ஒரு வளையத்தை மாட்டிக் காற்றை ஏற்றுவார்கள். பழகாத எலிக்கு அந்தக் குழாயே பெரிய கிலி. பதிவாகும் எண்ணில் மருந்தின் வேலை எவ்வளவு, லாரியின் வேலை எவ்வளவு, குழாயின் வேலை எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. உடலுக்குள் சிறு கருவி பொருத்தி, கூண்டில் உலவும்போதே ரேடியோ அலையில் அளவைப் பெறும் முறை வந்த பிறகுதான், மனிதக் கை பட்டாலே துடிப்பு எவ்வளவு எகிறுகிறது என்பது பளிச்சென்று தெரிந்தது.

எத்தனை நாள் விட வேண்டும்? லாரியிலும் விமானத்திலும் வந்த சுண்டெலிகளைச் சோதித்த 1982-ஆம் ஆண்டு ஆய்வில், மன அழுத்த ஹார்மோன் 48 மணி நேரத்துக்குள் தணிந்தது. இதயம் அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை. இரவில் ஓடியாடும் பிராணிக்குப் புது இடத்தின் விளக்கு நேரம் பிடிபடவும் சில நாள் வேண்டும்.

விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்க 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த குழு, சிறு விலங்குகளை ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை தனியே வைக்கச் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் அது நோய் பரவாமலிருக்கப் போட்டது. இதயம் அமைதியடைய அல்ல. தனியறையில் ஏழு நாள் வைத்துவிட்டு, எட்டாம் நாள் காலை கூண்டைத் தள்ளுவண்டியில் ஏற்றி, லிஃப்ட்டில் குலுங்கக் குலுங்க மேல்மாடி சோதனை அறைக்குக் கொண்டுபோய் உடனே வளையத்தை மாட்டினால் விதி மீறியதாகாது. கட்டுரையிலும் 'ஒரு வாரம் பழக்கப்படுத்தப்பட்டன' என்று ஒரு வரி வந்துவிடும். லிஃப்ட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது.