அரசமைப்புத் திருத்தத்துக்கு மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்படுவது எப்போது?

புது தில்லி: அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் நடைமுறையை அதன் 368-ஆவது பிரிவு வகுத்துள்ளது. திருத்த மசோதாவை மக்களவையும் மாநிலங்களவையும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினரும், வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரும் அதை ஆதரிக்க வேண்டும். மத்திய, மாநில அரசுகளின் அதிகாரப் பகிர்வை மாற்றும் திருத்தமானால், குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டப்பேரவைகளும் ஏற்க வேண்டும். அதன் பிறகே மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குச் செல்லும்.

சரக்கு மற்றும் சேவை வரிக்கு வழிவகுத்த 101-ஆவது திருத்தம் இத்தகையது. வருவாய் குறையும் என மாநிலங்கள் அஞ்சின. மாநிலங்களவையில் ஆளும் கூட்டணிக்குப் பெரும்பான்மை இல்லை. எனவே மத்திய அரசு இறங்கி வந்தது. எதிர்க்கட்சிகள் எதிர்த்த 1 சதவீத கூடுதல் வரி கைவிடப்பட்டது. இழப்பீடு 'வழங்கலாம்' என்றிருந்த வாசகம், 5 ஆண்டுகளுக்கு 'வழங்க வேண்டும்' என மாறியது. மாநிலங்களவை 2016 ஆகஸ்ட் 3-இல் மசோதாவை நிறைவேற்றியது. மாநிலங்களில் அசாம் முதலில் ஏற்றது. செப்டம்பர் 8-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

இழப்பீட்டுக் காலம் 2022 ஜூனில் முடிந்தது. ஆனால், மாநிலங்கள் விட்டுக்கொடுத்த வரிவிதிப்பு அதிகாரத்தை மீளப்பெற மற்றொரு அரசமைப்புத் திருத்தம் தேவைப்படும்.