புள்ளியை நம்பிக் கற்றாழையை அறியலாமா?

பிரிக்பீல்ட்சிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ நடக்கும்போது சற்று நிமிர்ந்து பாருங்கள். சில கடை வாசல்களில் கண்திருஷ்டிக்காகக் கற்றாழை ஒன்று வேரோடு தலைகீழாகத் தொங்கும். மண் இல்லை, தண்ணீர் இல்லை; ஆனாலும் பல வாரங்கள் பச்சையாகவே இருக்கும். இலைக்குள் நீரைச் சேர்த்து வைத்திருப்பது ஒரு காரணம். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரிவளியை வாங்கிக்கொள்வது இன்னொரு காரணம்.

அந்த இலைகளில் வெள்ளைப் புள்ளிகள் உண்டா? உங்கள் வீட்டுத் தொட்டியிலும் புள்ளி போட்ட செடி ஒன்று இருக்கலாம். இரண்டும் ஒன்றுதானா? கற்றாழைப் பேரினத்தில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. புள்ளி போட்டவை அவற்றில் ஏராளம்.

பாட்டி சோற்றுக் கற்றாழை என்றும், மலாய் நண்பர்கள் 'லிடா புவாயா', அதாவது முதலை நாக்கு என்றும் சொல்வது அலோ வேராவைத்தான். குட்டியாக இருக்கும்போது அதன் இலையிலும் புள்ளிகள் இருக்கும். வளர வளர அவை மங்கி மறையும். ஒரே தொட்டியில் நிற்கும் தாயும் கன்றும் வேறு வேறு இனம்போலத் தெரிவது இதனால்தான். 'சினென்சிஸ்' என்னும் கற்றாழையோ வளர்ந்த பிறகும் புள்ளிகளை விடாது. அது அலோ வேராவின் ஒரு வகைதான் என்பார் சில தாவரவியலாளர். தனி இனம் என்பார் வேறு சிலர். பெயரில் சீனா இருந்தாலும் அதன் பூர்வீகம் சீனா அல்ல. பெயரை நம்பினாலும் ஏமாற்றம்தான்!

மூன்றாவது ஆள், தென்னாப்பிரிக்காவின் அலோ மாகுலாட்டா. 'மாகுலாட்டா' என்றாலே லத்தீனில் புள்ளியுள்ளது என்று பொருள். இதன் சாறு தண்ணீரில் நுரைப்பதால் சோப்புக் கற்றாழை என்றும் அழைப்பார்கள். இலை அகன்று, குட்டையாக, பக்கவாட்டில் விரிந்து படுக்கும். நுனி காய்ந்து சுருளும். ஓர முட்கள் பழுப்பாக, கெட்டியாக இருக்கும். அலோ வேராவின் இலையோ நீண்டு மேல்நோக்கி நிற்கும், சாம்பல் பூசிய பச்சை, முட்கள் வெளிறியவை.

ஆனால், இலையும் சூழலுக்கேற்ப மாறும். அடுக்குமாடி நடைபாதையின் நிழலில் வளர்ந்த செடி மெலிந்து நீளும். கடும் வெயிலில் நிற்பது செம்பழுப்பாகும். ஒரே தாயின் இரு கன்றுகளை ஒரே மண்ணில் நட்டு, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை நிழலிலும் வைத்து மாதம் ஒரு படம் எடுங்கள். இரண்டும் உடன்பிறப்புகள் என்றால் நண்பர்கள் நம்பமாட்டார்கள்.

அப்படியானால் எதை நம்புவது? பூவை. அலோ வேராவின் நிமிர்ந்த தண்டில் மஞ்சள் பூக்கள் கதிர்போல் அடுக்கடுக்காகத் தொங்கும். சினென்சிஸ் பூ செம்மஞ்சள். சோப்புக் கற்றாழையின் தண்டு கிளைவிடும். ஒவ்வொரு கிளை நுனியிலும் பூக்கள் குடைபோல் தட்டையாகக் கூடும். அதன் பூ ஒன்றைப் பக்கவாட்டில் பாருங்கள்: அடி உருண்டு பருத்து, அதற்கு மேல் இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும்.

இது பெயர் சூட்டும் விளையாட்டு மட்டுமல்ல. சோறு எடுத்து மோருடன் அரைத்துக் குடிப்பவர்கள் நம் வீடுகளில் உண்டு. அலோ வேராவிலேயே தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பாலில் 'அலோயின்' என்னும் கடுமையான பேதிப் பொருள் இருக்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழையைப் பயன்படுத்த அமெரிக்கா 2002-இல் தடை விதித்தது. அறிந்த செடிக்கே இந்த எச்சரிக்கை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த புள்ளிக் கன்று இன்னும் பூக்கவில்லையா? பூக்கும்வரை அது தொட்டியிலேயே இருக்கட்டும். அரைக்கும் இயந்திரத்தின் பக்கம் போகவேண்டாம்.